மெயிர் மகள் ஃபைகா

புடாபெஸ்ட்டில் அந்த யூத மதகுரு ரபியின் அறைக்குள் நுழையும்வரை ஹேதிக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. மகள் நோயேமிக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை தானியேல் தங்கமான பையன். நன்றாகச் சமைப்பான், அதைவிட முக்கியம், நன்றாக நீந்துவான். செகெத் நகரத்து நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்து, ஊரில் பாதிப் பேரைத் தண்ணீரில் தள்ளிவிட்டவள் ஹேதி. மருமகனை அளந்து பார்க்க அவளிடம் வேறு அளவுகோல் இல்லை.

ரபி சின்ன வயதுக்காரர், சிரித்த முகம். மணவிதானத்தை எந்தத் தோட்டத்தில் நாட்டலாம், வயலின்காரர்கள் யார் என்றெல்லாம் பேசிவிட்டு, தேநீரில் சர்க்கரையைக் கலக்கியபடியே கேட்டார்.

"நோயேமிக்கு அம்மா வழியில யூதக் குடும்பம்னு காட்ட ஏதாவது வச்சிருக்கீங்களா? பாட்டியோட கல்யாணப் பத்திரம், கல்லறைப் படம், எதுவானாலும் சரி. எங்க சட்டத்துல யூதர்ங்கறது அம்மா வழியாத்தான் வரும். அது இல்லாட்டி இந்த விதானத்துக்கு அடியில நான் நிக்க முடியாதும்மா."

குளத்தின் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரைக்குக் கேட்கும் குரல் ஹேதிக்கு. அன்றைக்கு அவள் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அம்மா மார்த்தா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் சொன்னது: "நாம யூதருங்கடி. நான் சொன்னேன்னு பெரியம்மாகிட்ட சொல்லிடாதே." அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கவும் தோன்றவில்லை, நேரமும் இருக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவள் நோயேமிக்குச் சொன்னபோது குழந்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யூதக் கோடை முகாம்களுக்குப் போனாள், பாட்டுக் கற்றாள், நடனக் குழுவில் சேர்ந்தாள். அங்கேதான் தானியேலைப் பார்த்தாள்.

"எங்க பக்கம் உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது ரபி," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. தானியேலின் அம்மா லீவியா. வைக்கோல் நிறத்தில் பெரிய தொப்பி. "ஏழு தலைமுறை எங்க வீட்டுச் சுவத்துல கண்ணாடி போட்டுத் தொங்குது. சம்பந்தியம்மாவும் தேடினா கிடைக்காமலா போகும்? எல்லாருக்கும் யாராவது இருந்திருப்பாங்க இல்ல?"

ஹேதி கோப்பையை ஓசையோடு கீழே வைத்தாள்.

"கோடை முடியறதுக்குள்ள கொண்டுவந்து தர்றேன்," என்றாள் ரபியிடம். எதைக் கொண்டுவரப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் சல்காய். அதை ஒவ்வொரு குடும்ப வரலாற்றுத் தளத்திலும் போட்டுத் தேடினாள். சல்காய்கள் கொட்டினார்கள். ஒருவர் சதுரங்க வீரர், ஒருவர் ஓவியர், ஒருவர் வியன்னாவில் ராணுவத் துணி விற்றுக் கோடீஸ்வரரானவர். யாரோ எங்கோ வரைந்து வைத்திருந்த குடும்ப மரங்களை வெட்டி ஒட்டி, பெரிய தாளில் அழகாக வரைந்தாள். கொடி மேலே மேலே ஏறியது. ஏற ஏற அவளுக்கு மூச்சே வாங்கியது. ஓவியரின் மூக்கு நோயேமியின் மூக்கு மாதிரியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு லீவியா வீட்டுக்குப் போனபோது அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துப் போனாள். மீன் சூப் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசை மேல் விரித்தாள்.

லீவியா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள்.

"அடேயப்பா! இவ்வளவு பெரிய ஆளுங்களா? சரி, இது யாரு, கீழ இருக்கறது?"

"எங்க தாத்தா. சல்காய் ஷாந்தோர்."

"அவரோட அப்பா?"

ஹேதி தாளைப் பார்த்தாள். தாத்தாவுக்கும் ஓவியருக்கும் நடுவில் புள்ளிக் கோடு போட்டிருந்தாள்.

"அது... இன்னும் பாக்கல."

"அப்போ இந்த ஓவியர் உங்க தாத்தாவுக்கு என்ன வேணும்?"

"ஒரே பேரு."

"சம்பந்தியம்மா, சல்காய்ங்கறது நம்ம ஆளுங்க புதுசா வச்சுக்கிட்ட ஹங்கேரியப் பேரு மாதிரி இருக்கே. ஜெர்மன் பேரை விட்டுட்டு ஆளாளுக்கு ஒண்ணு வச்சுக்கலயா? ஒரே கடையில சட்டை வாங்கினவங்க எல்லாம் சொந்தக்காரங்களா?" அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "கோச்சுக்காதீங்க. நானும் முதல்ல இப்படித்தான் ஆகாயத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். நீங்க உங்ககிட்டேர்ந்து ஆரம்பிங்க. உங்க பேரு, உங்கம்மா பேரு, அவங்கம்மா பேரு. தெரியாத இடம் வந்ததும் நின்னுடணும். அங்க உயிரோட யார் இருக்காங்களோ அவங்களைக் கேக்கணும். பேரே இல்லாத குடும்பம்னு ஒண்ணு இருக்காது."

கடைசி வரிதான் ஹேதியைக் குத்தியது. ரயிலில் திரும்பும்போது நோயேமி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"சிரிச்சுடு. அடக்கி அடக்கி விக்கல் வந்துடப் போகுது," என்றாள் ஹேதி.

"அம்மா, அந்த ஓவியர் மூக்கு..."

"வாயை மூடு."

மறுநாள் புதுத் தாளை எடுத்தாள். அடியில் தன் பெயரை எழுதினாள். மேலே அம்மா மார்த்தா. அதற்கு மேலே பாட்டி இலோனா. அங்கேயே பேனா நின்றது. பாட்டியின் கல்லறையில் 'சல்காய் ஷாந்தோர்னே' என்றுதான் பொறித்திருந்தது. ஷாந்தோரின் மனைவி, அவ்வளவே. கல்யாணமானதும் பெண்ணின் பெயரையே கணவனின் பெயர் விழுங்கிவிடும் நாடு. இலோனா யார் வீட்டுப் பெண், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அந்தக் கல்லறையும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தலைமாட்டில் சிலுவையோடு இருந்தது.

உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. ஆரன்கா பெரியம்மா.

ஆரன்கா அம்மாவுக்கு மூத்தவள். எழுபதைத் தாண்டியவள், கணவன் போய் ஆண்டுகளாயின, பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை தோறும் தேவாலயத்துப் பீடத்துக்குப் பூ அலங்காரம் அவள் பொறுப்பு. பாதிரியாரே அவளைக் கேட்டுத்தான் ஜாடியை நகர்த்துவார்.

"பெரியம்மா, உங்கம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பேரு என்ன?" என்று ஹேதி கேட்டதும், கிளாடியோலஸ் தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"எங்கம்மா பேரு அம்மா."

"நோயேமி கல்யாணத்துக்குக் கேக்கறாங்க."

"அப்போ வேற மாதிரி கல்யாணம் பண்ணட்டும். நம்ம பாதிரியார்கிட்ட நான் பேசறேன். மணியெல்லாம் அடிச்சு ஜோரா நடத்துவார்."

"பெரியம்மா, அம்மா எங்கிட்ட சொல்லிட்டா."

ஆரன்கா வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். ஹேதி வெளியே வந்தாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாளும் விழுந்தது.

ஹேதி தோல்வியை ஒப்புக்கொள்ளும் ரகமில்லை. அதே நேரம் மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவள். அதற்கப்புறம் கேள்வியே கேட்கவில்லை. வழக்கம்போல வாரா வாரம் பெரியம்மாவை வெந்நீர்க் குளியல் கூடத்துக்கு அழைத்துப் போனாள். மூட்டுவலிக்கு அந்தக் கந்தக நீர்தான் ஆரன்காவுக்கு மருந்து. நீராவி மண்டிய குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, மிதக்கும் பலகையில் கிழவர்கள் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் ஆரன்காவாகவே ஆரம்பித்தாள்.

"அந்தச் சம்பந்தி எப்படி? சமாளிக்கிற மாதிரியா?"

"நல்லவதான். வாய் கொஞ்சம் நீளம். அவங்க வீட்டுல ஏழு தலைமுறை சுவத்துல தொங்குதாம்."

"தொங்கட்டும்."

"நம்ம வீடு பேரே இல்லாத வீடுன்னு நினைக்கறா போல இருக்கு."

லீவியா சொன்னது நேர்மாறாகத்தான். ஹேதிக்கும் அது தெரியும். ஆனால் குளத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஆரன்கா எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது.

"யாரு? அந்தத் தொப்பிக்காரியா? எங்க வீட்டுக்குப் பேரு இல்லையா? எங்க தாத்தா எரென்ஃபெல்த் மோர் வண்டியில வந்தா ஓல்யவார் சந்தையே வழிவிடும்டி! தோகாய் மலையில அவர் தோட்டத்துத் திராட்சை ரசம் கிராக்கோவ் வரைக்கும் போச்சு! பேரு இல்லையாம் பேரு!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேதி அவளை மெல்லத் தண்ணீருக்குள் இழுத்து உட்கார வைத்தாள். கிழவர்கள் நாகரிகமாகப் பலகையைத் தள்ளிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு ஆரன்கா பேசினாள். குரல் சின்னப் பெண்ணுடையது போல இருந்தது.

"எங்க பாட்டி பேரு ஊருக்கு ஃபானி. வீட்டுல ஃபைகா. ஃபைகான்னா அவங்க பாஷையில குருவி. நான் ஆறு வயசா இருக்கறப்போ செத்துப்போனா. தாத்தா அவ கல்லுல ஒரு குருவி செதுக்கச் சொன்னார். கோடைக்குக் கோடை அங்கதான் போவோம். ஆர்மின் மாமா பசங்க, நான், உங்கம்மா எல்லாம் தோட்டம் பூரா ஓடுவோம். நாப்பத்து நாலுல அந்த ஊர் யூதருங்களை எல்லாம் முகாமுக்கு ரயில்ல ஏத்திட்டாங்க. நாங்க இங்க இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி தன் ஞானஸ்நானப் பத்திரத்தை அம்மாகிட்ட குடுத்தா. யாருக்கும் தெரியாத ஒரு கிராமத்துக்குப் போயிட்டோம். போறப்போ அம்மா சொன்னா: இனிமே நாம ஸ்பிட்சர் இல்ல, எரென்ஃபெல்த் இல்ல, யாரும் இல்ல. அந்தப் பேரைச் சொன்னா செத்துப்போவோம்."

"போர் முடிஞ்சப்புறம்?"

"அம்மா ஒரு தடவை ஓல்யவாருக்குப் போனா. வீட்டுல வேற யாரோ இருந்தாங்க. ஒருத்தரும் திரும்பி வரலேன்னு சொன்னாங்க. வந்து ரெண்டு நாள் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தா. அப்பா கட்டாய வேலைப் படையிலேர்ந்து திரும்பி வந்ததும் ஸ்பிட்சர்ங்கற தன் பேரை சல்காய்னு மாத்தினார். எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினோம்." ஆரன்கா முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டாள். "பேரைச் சொன்னா செத்துப்போவோம்னு அம்மா சொன்னாளே, அதை அப்புறம் யாரும் எங்கிட்ட இல்லேன்னு சொல்லவே இல்ல, ஹேதி. நான் இன்னும் அதுலயேதான் இருக்கேன்."

ஹேதி பெரியம்மாவின் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நான் சொல்றேன், பெரியம்மா. நம்ம பேரைச் சொல்லலாம்."

ஓல்யவார் ஊர் அலுவலகத்துக்கு ஹேதி தொலைபேசியில் கேட்டாள். இலோனா பிறந்த வருடத்துப் பதிவுகள் போர்க்காலத் தீயில் போய்விட்டன என்றார்கள். மாவட்டத்திலும் பிரதி இல்லை. யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இருக்கு. ஆனா உள்ள போக முடியாது. புதர் மண்டிக் கிடக்கு. ஆடே போகாது," என்று பதில் வந்தது.

ஆடு போகாத இடத்துக்குப் போக ஹேதியிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஐம்பது வயது தாண்டிய பெண்களின் தொடர் நீச்சல் அணி, அவள் வளர்த்தது. தோள் ஒவ்வொன்றும் கதவு அகலம். விஷயத்தைச் சொன்னதும், அணியிலேயே உரத்த குரல்காரியான பெஷ்கே கேட்டாள்:

"புதர்னா எவ்வளவு புதர்?"

"தலைக்கு மேல."

"அப்படிச் சொல்லு. நான்கூட பூக்கொல்லைன்னு பயந்துட்டேன்."

ஆகஸ்டில் ஒரு காலை நீச்சல் சங்கத்தின் வேன் வடக்கே கிளம்பியது. அரிவாள், ரம்பம், முள் கையுறை, கூடை நிறைய வறுத்த இறைச்சித் துண்டும் ரொட்டியும் செர்ரி ரொட்டியும். நோயேமி இருந்தாள். புடாபெஸ்ட்டில் லீவியாவும் ஏறிக்கொண்டாள். ஹேதி அவளைக் கூப்பிடவில்லை, நோயேமி சொல்லிவிட்டாள்.

"எனக்கு எபிரேய எழுத்துப் படிக்க வரும்," என்றாள் லீவியா வேன் வாசலில் நின்றபடி. காலில் ரப்பர் பூட்ஸ். தலையில் அதே தொப்பி. "உங்க யாருக்காவது வருமா?"

யாருக்கும் வராது. ஹேதி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கடைசி இருக்கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள் ஆரன்கா. "நான் வேனை விட்டு இறங்க மாட்டேன். வழி காட்டத்தான் வர்றேன்," என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். லீவியா ஏறியதும் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீதானா அது?" என்றாள்.

"எதுங்கம்மா?"

"ஒண்ணுமில்ல. உக்காரு."

கல்லறைத் தோட்டம் திராட்சைச் சரிவுக்கு மேலே இருந்தது. சாவி வைத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பச்சைச் சுவர் மாதிரி நின்றது புதர். ஒரு கல்லும் கண்ணில் படவில்லை.

ஹேதி விசிலை ஊதினாள்.

அப்படியொரு வெட்டை அந்தச் சரிவு பார்த்திருக்காது. பெண்கள் வரிசை பிரித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி வெட்ட, ஒருத்தி இழுக்க, ஒருத்தி குவிக்க, களைத்தவள் அடுத்தவள் கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டு வெளியே வர, தொடர் நீச்சல் அப்படியே தரையில் நடந்தது. "பெஷ்கே, என்ன தூங்கறியா!" "நீ உன் வரிசையைப் பாருடி!" என்று சத்தம் மலையில் எதிரொலித்தது. நோயேமியின் கன்னத்தில் முள் கிழித்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கற்கள் தலைகாட்டின. சாய்ந்தவை, மண்ணில் பாதி புதைந்தவை, பாசி தின்றவை. லீவியா ஒவ்வொன்றின் முன்னும் மண்டியிட்டாள். மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டி, தண்ணீர் தெளித்து, விரலால் எழுத்தைத் தடவிப் படித்தாள். தொப்பியை முள் கொண்டுபோயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. அங்கே குருவி செதுக்கிய கற்கள் பல இருந்தன. ஃபைகாக்களும் பல. ஆனால் ஒருத்தி இஸ்ரேல் என்பவரின் மனைவி, ஒருத்தி கல்யாணமாகாமல் செத்தவள். கீழ் வரிசையில் ஒரு கல் முகம் குப்புறக் கிடந்தது.

"இதைத் தூக்கணும்," என்றாள் லீவியா.

"தூக்கிடலாம்," என்றாள் பெஷ்கே, மணிக்கட்டைச் சுழற்றியபடி.

ஆறு பேர் கை கொடுத்தார்கள். ஹேதி எண்ணிக் குரல் கொடுக்க, கல் முனகிக்கொண்டே எழுந்தது. இத்தனை வருஷம் மண்ணைப் பார்த்துக் கிடந்த முகத்தில் பாசியே இல்லை. எழுத்தெல்லாம் நேற்றுச் செதுக்கியதுபோல இருந்தது. உச்சியில் ஒரு பறவை, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

லீவியா தண்ணீர் தெளிக்கக்கூட இல்லை. நேரே படித்தாள்.

"இங்கே துயில்பவள்... நற்குணவதி... ஃபைகா. மெயிரின் மகள்." அடியில் ஹங்கேரிய எழுத்தில் இருந்ததை எல்லோருமே படித்துவிட்டார்கள்: எரென்ஃபெல்த் மோர்னே. மோர் எரென்ஃபெல்தின் மனைவி.

யாரும் கத்தவில்லை. அவ்வளவு சத்தம் போட்ட கூட்டம் கையுறைகளைக் கழற்றியது.

"மெயிர்..." என்றாள் நோயேமி மெதுவாக. "அம்மா, இந்தப் பேரு நமக்குத் தெரியவே தெரியாதே!"

"பெண்ணு பேரோட அப்பா பேரையும் கல்லுல எழுதறது நம்ம வழக்கம்," என்றாள் லீவியா. ஹேதியின் கையைப் பற்றிக்கொண்டாள். "ஒரு தலைமுறையைத் தேடி வந்தோம். இவ தன் அப்பாவையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்துட்டா, சம்பந்தியம்மா."

பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. திரும்பினார்கள். வெட்டிப்போட்ட முள் குவியல்களுக்கு நடுவே, தேவாலயத்துக்குப் போடும் நல்ல காலணியோடு, ஆரன்கா வந்துகொண்டிருந்தாள். யார் கையையும் பிடிக்கவில்லை. கல்லின் முன்னால் வந்து நின்று பறவையை உற்றுப் பார்த்தாள்.

"இது குருவியா? கோழி மாதிரி இருக்குன்னு அன்னிக்கே ஆர்மின் மாமா சிரிச்சார். தாத்தா ஒரு வாரம் அவரோட பேசல." குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். சின்ன வயதில் பார்த்த வழக்கப்படி கல்லின் தோளில் வைத்தாள். பிறகு, எல்லோரும் கேட்கும்படி, மலைச்சரிவைப் பார்த்துச் சொன்னாள்: "நான் ஆரன்கா. எரென்ஃபெல்த் இலோனாவோட பொண்ணு. ஃபைகாவோட பேத்தி."

சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திராட்சைத் தோட்டத்தில் யாரோ டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்றாள். "எனக்குப் பசிக்குது."

அப்போதுதான் பெஷ்கே கத்தினாள். அதற்கப்புறம் எல்லோரும் கத்தினார்கள். தோட்டக்காரர் பயந்துபோய் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் திரும்பி ஓடி ஒரு புட்டியோடு வந்தார்.

கல்லின் படம் ஃபைகாவைக் காட்டியது. ஃபைகாவின் மகள்தான் இலோனா என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். புடாபெஸ்ட்டில் மூன்று ரபிகள் முன்னால் ஆரன்கா போய் உட்கார்ந்தாள். நடுவில் இருந்த வயதானவர் கேட்டார்:

"உங்க தாயார் எரென்ஃபெல்த் ஃபைகாவோட மகள்தான்னு எப்படித் தெரியும்?"

"உங்க தாயார் யாரோட மகள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இளம் ரபி இருமலை வரவழைத்துக்கொண்டார். ஆரன்கா நிறுத்தவில்லை. பாட்டி வெள்ளிக்கிழமை வாத்துக் கொழுப்பு உருக்கும் வாசனை, சீட்டாட்டத்தில் ஊர்க் கசாப்புக்காரரைத் தோற்கடித்து அடுத்த வாரக் கறியை இலவசமாக வாங்கியது, பண்டிகைக்கு முன் ரொட்டித் துணுக்கு தேடி மேசைக்கடியில் தவழ்ந்தது, தொழுகைக்கூடத்துப் பெண்கள் மாடத்திலிருந்து தாத்தாவின் தொப்பி மேல் பிளம் கொட்டை எறிந்தது. மூடியே கிடந்த வாய், திறந்ததும் மூடவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மூன்றாவது ரபி பேனாவை வைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்று முடித்தாள் ஆரன்கா. "நான் தேவாலயத்துக்குப் பூ வைக்கறவ. அதையும் மறைக்கல. இனிமே எதையும் மறைக்கறதா இல்ல."

"பூ உங்க இஷ்டம்மா," என்றார் வயதானவர். "உங்கம்மாவை யாராலயும் மாத்த முடியாது. கல்யாணம் நடக்கட்டும்."

வெளியே காத்திருந்த ஹேதிக்கு, கதவு திறந்ததுமே பெரியம்மாவின் நடையில் முடிவு தெரிந்துவிட்டது. பந்தயத்தில் வென்றுவிட்டுக் குளத்தைவிட்டு ஏறுகிறவர்களின் நடை அது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். ஃபைகாவின் கல்லைப் படமெடுத்து, தெரிந்த பெயர்களை எல்லாம் எழுதி, யூதக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் கூடும் ஒரு இணையப் பக்கத்தில் ஹேதி போட்டிருந்தாள். இந்த முறை புள்ளிக் கோடு எதுவும் இல்லை. கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஹைஃபாவிலிருந்து ஒரு பெண் எழுதினாள். "அந்தக் கல்லில் இருப்பது என் அப்பாவின் பாட்டி. அப்பா பெயர் திபோர். ஆர்மினின் மகன். அவர் உயிரோடு இருக்கிறார். படத்தைக் காட்டினேன். 'குருவியா கோழியா?' என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார், இன்னும் நிறுத்தவில்லை. தயவுசெய்து கூப்பிடுங்கள்."

ஹேதி சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் பறந்தாள். தொலைபேசியைப் போட்டு ஆரன்காவின் கையில் கொடுத்தாள். மறுமுனையில் கரகரத்த கிழட்டுக் குரல், ஓல்யவார் பக்கத்து இழுவையோடு, "ஹலோ" என்றது.

ஆரன்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"திபி? நீ செத்துட்டேன்னு சொன்னாங்களேடா."

"எனக்கும் நீங்க எல்லாரும் செத்துட்டதாத்தான் சொன்னாங்க. ஸ்பிட்சர்னு போட்டு எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? செகெத்துக்கு எத்தனை கடிதம் போட்டேன்! முகாம்ல பதினாறு வயசுன்னு பொய் சொன்னேன், வேலை செய்யற வயசுன்னு உயிரோட விட்டாங்க. முகாமைவிட்டு வந்ததும் கப்பல் ஏறிட்டேன். ஊருக்குத் திரும்பிப் போக மனசு வரல. அத்தை...?"

"அம்மா போயிட்டா. மார்த்தாவும் போயிட்டா. நான் இருக்கேன். நாங்க சல்காய் ஆயிட்டோம்டா, திபி. அதான் உனக்குக் கிடைக்கல."

இரண்டு முனையிலும் அழுதார்கள். ஹேதி அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தானும் அழுதாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் செகெத் ரயில் நிலையத்தில் அவர் இறங்கினார். குட்டை மனிதர், கையில் தடி. ஆரன்கா ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் மறந்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர்தான் முதலில் பேசினார்.

"ஏன் இவ்வளவு குட்டையாயிட்டே?"

"நீ என்ன வளர்ந்துட்டியா?"

கட்டிக்கொண்டார்கள். அதே நேரம் அந்தப் பெட்டியிலிருந்து மேலும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். திபியின் மகள், மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், ஒரு கைக்குழந்தை, தள்ளுவண்டி, பெட்டி மேல் பெட்டி. ஒவ்வொருவரும் வந்து ஹேதியைக் கட்டிப்பிடித்து ஒரு பெயரைச் சொன்னார்கள். தனக்கென்று ஒரே ஒரு பெரியம்மா மட்டும்தான் உலகத்தில் என்று இருந்தவளுக்கு, யார் தனக்கு மாமா முறை, யார் தங்கை முறை என்று அங்கேயே நின்று கணக்குப் போட வேண்டியிருந்தது.

மறுநாள் தீசா நதிக்கரைத் தோட்டத்தில் விதானம் நின்றது. தானியேல் சடங்குப்படி கண்ணாடிக் கோப்பையைக் காலால் உடைத்ததும் வயலின்கள் பிய்த்து உதறின. நீச்சல் அணி மணப்பெண்ணை நாற்காலியோடு தூக்கியது. பெஷ்கே தோளில் அது இறகு போலப் போயிற்று. பிறகு லீவியாவைத் தூக்கினார்கள். அவள் "விடுங்கடி, விடுங்க!" என்று கத்திக்கொண்டே கையை விரித்து ஆடினாள். அடுத்து ஆரன்காவையும் திபியையும் எதிரெதிரே தூக்கினார்கள். அங்கிருந்தும் இருவரும் எதையோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார் படக்காரர். மணமக்கள் நின்றார்கள். லீவியா நின்றாள். ஹைஃபாக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் கிழவனும் கிழவியும். படக்காரர் கேமராவில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் இதுல வரல. யாராவது கொஞ்சம் ஒதுங்கினா நல்லது."

ஹேதி விசிலை எடுத்தாள். ஊதவில்லை, தேவைப்படவில்லை. குரலே போதுமாக இருந்தது.

"இங்க யாரும் ஒதுங்க மாட்டாங்க, தம்பி. நீங்க பின்னால போங்க!"

அவர் பின்னால் போனார். இன்னும் கொஞ்சம் போனார். கரைப் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். திரும்பி ஆற்றைப் பார்த்துவிட்டு, காலணியைக் கழற்றினார்.